பார்வையாளர் நேரம்

நூலகத்தில் வேலை பார்ப்பவர்களின் குரல் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதி வைக்கவில்லை. வைத்திருந்தால் அவளை முதல் நாளே வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பார்கள். அவள் காதோடு காதாக ஒரு ரகசியம் சொன்னால் மாடியில் செய்தித்தாள் படிப்பவர்களுக்குக் கேட்கும். "அது மூணாவது வரிசைல இருக்கு" என்று யாருக்காவது வழி சொன்னால், மூன்றாவது வரிசையில் நிற்பவர்கள் திடுக்கிட்டுத் திரும்புவார்கள். வாசகர்கள் "மெதுவா அக்கா, மெதுவா" என்று கெஞ்சிக் கெஞ்சி, கடைசியில் அதுவே அவளுக்குப் பெயராக நின்றுவிட்டது. மெதுவாக்கா. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து "மெதுவாக்கா எங்க?" என்று கேட்டு முடிப்பதற்குள், "இங்கதான் இருக்கேன், என்ன வேணும்!" என்று எங்கோ ஒரு அலமாரிக்குப் பின்னாலிருந்து பதில் வரும்.

குரலுக்குக் காரணம் உண்டு. அவள் அப்பா மாவு மில் வைத்திருந்தார். மில்லுக்குப் பின்னாலேயே வீடு. விடிந்ததிலிருந்து இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில், ஒரு வாய் தண்ணீர் கேட்பதற்கே தொண்டை கிழியக் கத்த வேண்டும். கொஞ்சலும் சண்டையும் அங்கே ஒரே சத்தத்தில்தான் நடக்கும். எது எதுவென்று தெரியாமல் திண்டாடுவது விருந்தாளிகள்தான். அவள் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் கை இயந்திரத்தின் பெல்ட்டில் சிக்கியது. கை பிழைத்தது, மில் பிழைக்கவில்லை. "ஒரு வருஷம் போகட்டும், அப்புறம் சேந்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் படிப்பை நிறுத்தினாள். நூலகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. முத்திரை குத்துவது, கிழிந்த புத்தக முதுகுக்குத் துணி ஒட்டுவது, மேசையில் குவிந்ததை எடுத்து அலமாரியில் அடுக்குவது. பிறகு கல்யாணம், பிறகு மகள், பிறகு மாமியாரின் படுக்கை. அந்த "அப்புறம்" இழுபட்டு இழுபட்டு இருபது வருஷத்துக்கு நீண்டது.

மகள் தன் துணியைத் தானே துவைத்துக்கொள்ளும் வயதுக்கு வந்ததும், அவள் யாரிடமும் கேட்காமல் மாலைக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தாள். நூலக அறிவியல். மூன்று வருஷப் பட்டம். முதல் நாள் அவள் உள்ளே நுழைந்ததும் வகுப்பே எழுந்து நின்று வணக்கம் சொன்னது. "உக்காருங்க, உக்காருங்க, நானும் உங்க ஆளுதான்" என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். முன் பெஞ்சு பக்கமே அவளை விடமாட்டோம் என்று பிள்ளைகள் பின்னால் தீர்மானம் போட்டார்கள். அவள் சந்தேகம் கேட்டால் அவர்களுக்குக் காது அடைத்துப் போகிறதாம்.

புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் கொடுக்கும் பாடம் அவள் தலைக்கேறியது. தலைக்கேறியது அங்கேயே நின்றிருக்கலாம். அடுப்பங்கரைக்கும் இறங்கியது. உப்பு முதல் தேயிலை வரை எல்லா டப்பாவிலும் எண் ஒட்டி அலமாரியில் அடுக்கிவிட்டாள். அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கும்மிருட்டில், பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், எந்தக் கம்பி எங்கே போகிறது என்று கையாலேயே தடவிச் சொல்லுகிற மனிதர். அவருக்கு அவர் வீட்டில் சர்க்கரை கிடைக்கவில்லை.

"சக்கரை எந்த நம்பர்ல இருக்கு?"

"அது இனிப்புலயும் வரும், பானத்துலயும் வரும். எதுல போடறதுன்னுதான் யோசிச்சிட்டிருக்கேன்."

"நீ யோசி. நான் பக்கத்து வீட்டுல வாங்கிட்டு வரேன்."

ஆனாலும் அந்த மனிதரைக் குறை சொல்லக் கூடாது. வகுப்பு இருக்கும் நாட்களில் மகளும் அவருமாகச் சமைத்து, அவளுக்கு எடுத்து மூடி வைத்திருப்பார்கள். வாயில் வைக்க முடிகிறதா என்பது வேறு விஷயம். அவள் தட்டை வழித்துச் சாப்பிடுவாள். இரண்டு வருஷம் இப்படிப் போய், கடைசி வருஷம் தொடங்கியிருந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரிக் கதை வருகிறது.

ஊர் நூலகம் வாரம் ஒருநாள் காலையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் புத்தகம் அனுப்பும். ஒரு தள்ளுவண்டி நிறையப் புத்தகம், தள்ள ஒரு ஆள். மற்ற உதவியாளர்கள் யாரும் அந்த வேலைக்குப் போக மாட்டார்கள். மருந்து நெடி, நோய் தொற்றும் என்று ஆளுக்கொரு சாக்கு. "நீயே போயிட்டு வாம்மா, இங்கயும் கொஞ்ச நேரம் அமைதியா இருக்கும்" என்று தலைமை நூலகர் அவளை அனுப்பினார். பாதி வேடிக்கை, பாதி நிஜம். அவளும் சிரித்துக்கொண்டு போனாள்.

முதல் வார்டில் ஒரு பெரியவர் கண்ணாடி உடைந்துவிட்டது, படித்துக் காட்டு என்றார். அவள் பழக்கதோஷத்தில் குரலை அடக்கிக்கொண்டு ஆரம்பித்தாள். இரண்டு வரி தாண்டவில்லை, வார்டின் அந்தக் கோடியிலிருந்து ஒருவர் கையைத் தூக்கினார்.

"ஏம்மா, கொஞ்சம் சத்தமாதான் படியேன். எங்களுக்கும் கேக்கட்டும்."

அவளுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. பிறந்ததிலிருந்து அவளிடம் யாரும் சொல்லாத வார்த்தை அது. சத்தமாகப் படித்தாள். வார்டே தலையைத் திருப்பிக் கேட்டது. ஊசி போட வந்த நர்ஸ் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, கதையில் அந்தத் திருடன் மாட்டிக்கொள்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் போனாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் தட்டில் கை வைக்காமல் சொன்னாள்: "என் குரலுக்குன்னு உலகத்துல ஒரு நூலகம் இருக்குங்க. அது ஆஸ்பத்திரிலதான் இருக்கு." அதன் பிறகு அவளுக்கு வேறு கனவு வரவில்லை.

நோயாளிகளுக்கு உறுப்பினர் அட்டை கிடையாது. யாருக்கு எந்தப் புத்தகம் கொடுத்தோம் என்பதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கட்டில் எண். பதினாலாம் கட்டிலுக்கு மர்மக் கதை, இருபதாம் கட்டிலுக்குப் பயணக் கதை. வகுப்பில் இதைப் பெருமையாக வேறு சொல்லிவைத்திருந்தாள். கட்டில் நகராது, ஓடிப் போகாது என்பது அவள் வாதம்.

மூன்றாம் மாடிப் பெண்கள் வார்டில் ஒன்பதாம் கட்டில் அவளுக்கு உசத்தி. தையல் வேலை செய்து செய்து பார்வை மங்கிப்போன ஒரு வயதான அம்மா. இடுப்பெலும்பு முறிந்து, அது கூடாமல், மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தார். எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி தெரிகிறது என்பார். அவருக்காக மெதுவாக்கா தடித்தடியாக இரண்டு பாகம் உள்ள ஒரு நாவலை எடுத்து, வாரம் கொஞ்சமாகப் படித்துக் காட்டினாள். முதல் பாகத்தை அவரிடமே விட்டுவிட்டு வருவாள். படிக்க முடியாதவருக்கு எதற்கு என்று அவள் யோசித்ததில்லை, கேட்டார், கொடுத்தாள். முதல் பாகம் முடிகிற இடத்தில் கதையில் வரும் தங்கைக்காரி கப்பலிலிருந்து இறங்குகிறாள், துறைமுகத்தில் அவளுக்காக யாரும் வந்திருக்கவில்லை. "அடுத்து என்ன ஆச்சு?" என்று அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்தது இரண்டாம் பாகத்தில் இருந்தது. இரண்டாம் பாகமோ ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் வீட்டில் தவணை தாண்டித் தூங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக்கா ஆசிரியருக்குப் போன் மேல் போன் போட்டாள். அவளுடைய போனை எடுத்தவர்களுக்குத் தெரியும், அந்தக் குரலுக்குப் பயந்தாவது புத்தகத்தைத் திருப்பிவிடுவார்கள்.

இந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரியின் அறிவிப்பு வந்தது. தரைத்தளத்தில், மருந்துக் கடைக்கும் எக்ஸ்ரே அறைக்கும் நடுவில் இருந்த அறையை நிரந்தர நூலகமாக்கப் போகிறார்கள். முழுநேர நூலகர் ஒருவர் வேண்டும். தினமும் வார்டுகளுக்குப் போய்வர வேண்டும். நூலக அறிவியல் பட்டம் அவசியம்.

"ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க" என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். ஒரு வருஷம் கழித்து இந்த அறிவிப்பு வந்திருந்தால் யார் குடி முழுகியிருக்கும்? இப்போது வேறு யாராவது அந்த அறையில் உட்கார்ந்துவிட்டால், ஓய்வு பெறும் வரை எழுந்திருக்க மாட்டார்கள். அவளே எழுந்திருக்க மாட்டாளே!

தலைமை நூலகர் விசாரித்துச் சொன்னார். படிப்பு முடியாதவர்களும் விண்ணப்பிக்கலாம். இரண்டு வருஷத்துக்குள் பட்டத்தைக் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் வேலை போய்விடும். அவளுக்கு வானத்தில் பறக்காத குறை. அப்புறம் வேலை நேரத்தைப் பார்த்தாள். மதியம் பன்னிரண்டு முதல் இரவு எட்டு வரை. வகுப்பு ஆறு மணிக்கு. வருகைப் பதிவு குறைந்தால் பரீட்சை எழுத விட மாட்டார்கள். வேலையில் சேர்ந்தால் படிப்புப் போகும். படிப்புப் போனால் இரண்டு வருஷத்தில் வேலையும் போகும். வேலையை விட்டால் கனவு போகும். எப்படித் திருப்பிப் போட்டாலும் ஏதோ ஒன்று கை நழுவியது.

வீட்டில் அன்றைக்குச் சோற்றைவிடப் பேச்சுதான் அதிகம்.

"காத்துள்ளபோதே தூத்திக்கணும்" என்றார் வீட்டுக்காரர். "முதல்ல வேலைல சேரு. படிப்பு எங்க ஓடிடப் போகுது? அப்புறம் பாத்துக்கலாம்."

"அந்த அப்புறத்தை மட்டும் என்கிட்ட சொல்லாதீங்க. அதை நம்பி ஒரு தடவை ஏமாந்தவ நான்."

மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "நான் நீச்சல் வகுப்பைப் பாதில விட்டப்ப ஒரு மாசம் திட்டினேல்ல? இப்ப நீ விட்டா நான் எத்தனை மாசம் திட்டலாம்?"

"உன்னை யாரும் கேக்கல. சாப்பிடு."

தலைமை நூலகர்தான் மூன்றாவது வழி ஒன்றைக் காட்டினார். "நேர்காணல்ல நேரத்தைப் பத்தி நீயே எடுத்துச் சொல்லு. காலைல எட்டுலேந்து சாயந்தரம் நாலு வரைக்கும் வெச்சா நல்லதுன்னு சொல்லு. வார்டுக்குள்ள போய்ப் பழகினவ நீ ஒருத்திதான். உன் பேச்சை எடுப்பாங்க. நானும் ஒரு வார்த்தை போட்டு வைக்கிறேன்."

இதில் அவளுக்குப் பொய் எதுவும் தெரியவில்லை. காலையில் நோயாளிகள் குளித்து முடித்துத் தெளிவாக இருக்கிறார்கள், அவளைக் கண்டால் எழுந்து உட்காருகிறார்கள். சாயந்தரம் நாலு மணியானால் பார்வையாளர் நேரம். சொந்தக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்துவிடுவார்கள். அண்ணன் தம்பி பக்கத்தில் இருக்கும்போது எவன் புத்தகம் கேட்பான்? இதையே கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாள். நன்றாக இருந்தது. மகள் அடுத்த அறையிலிருந்து, "எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு, நான் வேணா போய்ச் சொல்லிட்டு வரேன்" என்றாள். அவள் வார்டைக் காலையில் மட்டுமே பார்த்தவள் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும்தான்.

நேர்காணலுக்கு முந்தின நாள் தள்ளுவண்டி நாள். இரண்டாம் பாகம் கைக்கு வந்துவிட்டிருந்தது. ஆசிரியர் தானே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் போனார். மெதுவாக்கா மற்ற மாடிகளைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நேராக மூன்றாம் மாடிக்கு வண்டியை ஏற்றினாள். வார்டு வாசலிலேயே புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள்.

"ஒன்பது! ரெண்டாம் பாகம் வந்துடுச்சு! கப்பல்லேந்து எறங்கினவ என்ன ஆனான்னு இன்னிக்குத் தெரிஞ்சிடும்!"

ஒன்பதாம் கட்டிலிலிருந்து ஒரு இளம்பெண் மிரண்டு போய்ப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற அவள் கணவன், "எங்களுக்கு முதல் பாகமே யாரும் குடுக்கலைங்களே" என்றான் அப்பாவியாக. வார்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் மெதுவாக்காவையே பார்த்தார்கள். எட்டாம் கட்டில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தூக்கிய கையை எப்படி இறக்குவது என்று தெரியாமல் நின்றாள்.

வார்டு சிஸ்டர் வந்து அவள் தோளைப் பிடித்து மருந்து வைக்கும் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"முந்தாநாள் விடியக்காலைல போயிட்டாங்க அக்கா. தூக்கத்துலயே. உங்களுக்குச் சொல்லி அனுப்பணும்னு நெனச்சேன், வேலைல விட்டுப்போச்சு."

"நான் ஒன்பது ஒன்பதுன்னே கூப்பிட்டுட்டேன் சிஸ்டர். அவங்க பேர்கூட எனக்குத் தெரியாது" என்றாள் மெதுவாக்கா. "கட்டில் நகராதுன்னு பெருமையா சொல்லிட்டுத் திரிஞ்சேன். கட்டில் நகராது, மனுஷங்கதான் போயிடுவாங்கன்னு இந்த மரமண்டைக்குத் தோணலயே."

சிஸ்டர் முதல் பாகத்தை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். புத்தகத்தின் நடுப்பக்கங்கள் கசங்கியிருந்தன. "அவங்களைப் பாக்க யாரும் வந்ததே இல்லக்கா. நாலு மணி அடிச்சா எல்லாக் கட்டிலையும் சுத்திக் கூட்டம் நிக்கும், ஒன்பதுகிட்ட மட்டும் இருக்காது. அந்த நேரம் பாத்து இந்தப் புத்தகத்தைத் திறந்து மூஞ்சிக்கு நேரா புடிச்சிக்குவாங்க. கண்ணுதான் தெரியாதே. சில நாள் தலைகீழாகூட புடிச்சிருப்பாங்க. நான் போய் நேராக்கிக் குடுப்பேன். 'படிக்கிறேன்னு நெனச்சிக்கட்டும், பாவம்னு யாரும் பாக்க வேணாம்'னு சொல்லுவாங்க. ஆறு மணி தாண்டி, கூட்டம் போற வரைக்கும் கையை எறக்க மாட்டாங்க."

சிஸ்டர் அலமாரியைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "தினமும் நாலு மணிக்குக் கேப்பாங்க, புத்தகக்காரம்மா இன்னிக்கு வருவாங்களான்னு. அவங்க காலைலதான் வருவாங்கன்னு எத்தனை தடவை சொன்னாலும் கேப்பாங்க. இன்னும் நாலஞ்சு பேர் அப்படி இருக்காங்க அக்கா. சாயந்தரம் ஆனா சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்குவாங்க. காலைல நீங்க பாக்கிற ஆளுங்களே இல்ல அவங்க."

மெதுவாக்கா மற்ற வார்டுகளுக்குப் போனாள், புத்தகம் கொடுத்தாள், வாங்கினாள். ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு எழுதிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நிற்கவில்லை. வீட்டுக்காரர் கேட்டதற்குத் தலைவலி என்றாள். அவர் தேநீர் போட்டுக் கொடுத்தார். சர்க்கரை இல்லாமல் இருந்தது. அவள் அப்படியே குடித்துவிட்டாள்.

மறுநாள் மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி அலுவலகத்துக்கு வெளியே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரே ஒரு பெண், வயது இருபத்து மூன்றுக்கு மேல் இருக்காது. மடியில் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் பட்டம். அதன் ஓரத்தில் தங்க நிறத்தில் ஒரு முத்திரை மின்னியது. மெதுவாக்கா அதை ஓரக்கண்ணால் பார்த்தாள், திரும்பவும் பார்த்தாள். பொறாமையாகத்தான் இருந்தது. அந்தப் பெண் ஏதோ கேட்டாள். கொசு பறக்கிற அளவுக்குக்கூடச் சத்தமில்லை.

"என்னம்மா?" என்றாள் மெதுவாக்கா. தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது.

"தண்ணி வேணுமான்னு கேட்டேன் அக்கா. உங்க முகம் ஒரு மாதிரி இருக்கு."

தண்ணீர் வாங்கிக் குடித்தாள். நல்ல பெண்ணாக இருந்து தொலைத்ததில் பொறாமைப்படவும் வழியில்லாமல் போயிற்று. உள்ளேயிருந்து அழைத்தார்கள்.

உள்ளே இரண்டு பேர். ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவர், நரைத்த தலையும் சிரித்த முகமுமாக ஒரு பெண்மணி. பக்கத்தில் நிர்வாக அதிகாரி. முதலில் சாதாரணக் கேள்விகள்தான். எத்தனை வருஷ அனுபவம், குழந்தைகள் வார்டுக்கு என்ன புத்தகம், நோய் தொற்றாமல் புத்தகத்தை எப்படிச் சுத்தம் செய்வது. எல்லாவற்றுக்கும் அவள் பதில் சொன்னாள். கட்டில் எண்ணில் செய்த தவற்றையும் அவளாகவே சொன்னாள். தலைமை மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார்.

"உங்களுக்கு ஆறு மணிக்கு வகுப்புன்னு உங்க தலைமை நூலகர் சொன்னார். எனக்கு நேரத்துல ஒண்ணும் பிடிவாதம் இல்ல. எட்டுலேந்து நாலுன்னு இப்பவே மாத்திடலாம். உங்க படிப்பும் கெடாது, எங்களுக்கும் நல்ல ஆள் கிடைச்ச மாதிரி இருக்கும். ஆனா ஒரு வார்த்தை நீங்க சொல்லணும். வார்டுக்குள்ள போயிட்டு வர்றவங்க நீங்க. காலைல வெச்சா நோயாளிங்களுக்குப் போதும்தானே?"

போதும் என்றால் போதும். வேலையும் வந்தாயிற்று, படிப்பும் வந்தாயிற்று. பழம் நழுவிப் பாலில் விழுந்து, பால் வாய்க்குப் பக்கத்திலும் வந்துவிட்டது. மனப்பாடம் செய்த பதில் நாக்கு நுனியில் நின்றது. அவள் சொன்னால் நம்புவதற்கு அவர்கள் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கும் அந்த வேலை வேண்டும்; வாழ்க்கையில் வேறு எதையும் இவ்வளவு வேண்டும் என்று அவள் நினைத்ததில்லை.

"போதாது மேடம்" என்றாள். "சாயந்தரம்தான் வேணும். நாலுலேந்து எட்டு."

நிர்வாக அதிகாரி விழித்தார். "அந்த நேரத்துலதான் எல்லாருக்கும் ஆள் வந்திருப்பாங்களே?"

"வராதவங்களுக்காகத்தான் சார். பக்கத்துக் கட்டில்ல பத்துப் பேர் நிக்கும்போது தனியா படுத்திருக்கிறது ரொம்பக் கொடுமை. அந்த நேரம் யாராவது போய்ப் பக்கத்துல உக்காந்து படிச்சுக் காட்டணும். காலைல போறது எனக்குச் சுலபம். அவங்களுக்கு வேண்டியது சாயந்தரம். நேத்து வரைக்கும் எனக்கும் இது தெரியாது."

தலைமை மருத்துவர் பேனாவை மறுபடி எடுத்தார். பிறகு கேட்டார்: "அப்ப நீங்க சாயந்தரம் இருக்கீங்களா? வகுப்பை விட்டுடுவீங்களா?"

"ஒரு தடவை விட்டேன் மேடம். திரும்பப் பிடிக்க இருபது வருஷம் ஆச்சு. இந்தத் தடவை விட்டா செத்தாலும் பிடிக்க மாட்டேன். பட்டம் இல்லேன்னா ரெண்டு வருஷத்துல நீங்களே என்னை அனுப்பிடுவீங்க, அது நியாயமும்தான். படிக்காமலே எல்லாம் தெரியும்னு நெனச்சிட்டிருந்தேன். கட்டிலுக்குப் புத்தகம் குடுத்தவ நான்."

"ஒரு வருஷம் அறையைப் பூட்டி வெச்சிட்டுக் காத்திருக்க முடியாதும்மா."

"வேணாம் மேடம். பூட்டி வைக்காதீங்க."

அதைச் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. வணக்கம் சொல்லிவிட்டு எழுந்து வெளியே வந்தாள். நாலு மணி ஆகியிருந்தது. தாழ்வாரம் முழுக்க ஜனம். கையில் பிளாஸ்க், தோளில் பை, இடுப்பில் குழந்தை என்று மாடிப்படியை நோக்கி மொத்தமாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். பெஞ்சிலிருந்து அந்தப் பெண் எழுந்து வந்தாள்.

"என்ன கேக்கிறாங்க அக்கா?"

கேள்விகளைச் சொல்லாமல் போயிருக்கலாம். போட்டிக்கு வந்தவளிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு கணம் அவளுக்கும் தோன்றத்தான் செய்தது. அவளும் மனுஷிதானே. அந்தக் கணம் போனதும் சொன்னாள்:

"சாயந்தரம் எட்டு வரைக்கும் இருப்பியான்னு கேப்பாங்க. இருப்பேன்னு சொல்லு. சொல்லிட்டு நெஜமாவே இரும்மா. ரூமுக்குள்ள உக்காந்துக்காத. மேல போ. மூணாவது மாடில பெண்கள் வார்டு இருக்கு, சிஸ்டர்கிட்ட கேளு, யாருக்கு ஆள் வரலேன்னு அவங்க காட்டுவாங்க. பேரைக் கேட்டு எழுதிக்கோ. கொஞ்சம் சத்தமா படி."

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் ஏறியதும் மெதுவாக்கா அழுதாள். அழுகையும் அவள் குரலுக்குத் தக்கபடிதான் இருந்தது. கண்டக்டர் டிக்கெட் கேட்காமல் நகர்ந்துவிட்டார், ஒரு கல்லூரிப் பையன் எழுந்து இடம் கொடுத்தான். வீட்டுக்காரர் போன் செய்தார். ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியில் நிற்கிறார் போல, காற்றுச் சத்தம் கேட்டது.

"என்ன ஆச்சு?"

"போச்சுங்க."

"அவங்களா வேணாம்னாங்க?"

"நான்தான் சாயந்தரம் வேணும்னு சொல்லிட்டேன்."

அவர் மெல்லக் கேட்டார்: "காலைலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டும் கெடச்சிருக்கும்ல?"

"கெடச்சிருக்கும். அப்புறம் தெனமும் நாலு மணிக்கு நான் பூட்டிட்டுக் கெளம்பணும். பாக்க ஆள் வராதவங்கெல்லாம் சுவத்தைப் பாத்துப் படுத்திருக்கிற நேரத்துல நான் பையை மாட்டிக்கிட்டு வார்டு வாசல் வழியா வெளிய போகணும். என்னால முடியாதுங்க."

"அழறியா?"

"ஆமா."

"பஸ்லயா?"

"ஆமா."

"சரி, அழு. ஆனா நெறுத்தம் வந்தா எறங்கிடு" என்றார் அவர். "வகுப்பு இருக்குல்ல."

நிறுத்தம் வந்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள்.